எதைத் தேடிப் படிக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்: முதுநிலைச் சேர்க்கைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

முதுநிலைப் படிப்புகளுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் சேர்க்கைக் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

கடந்த சேர்க்கைச் சுற்றில் உங்களில் ஒரு குழு என் மாணவி ஒருவரின் விண்ணப்பத்தை நிராகரித்தது. அவருக்கு வந்த மின்னஞ்சலில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. அவர் அனுப்பிய தன்விளக்கக் கட்டுரை, அதாவது பர்சனல் ஸ்டேட்மென்ட் என்று நாம் எல்லாரும் சொல்லிப் பழகிவிட்ட அந்த இரண்டு பக்கம், செயற்கை நுண்ணறிவுக் கருவி கொண்டு எழுதப்பட்டதாக மென்பொருள் காட்டுவதால் விண்ணப்பம் மேற்கொண்டு பரிசீலிக்கப்படமாட்டாது என்பது முதல் வாக்கியம். இம்முடிவு இறுதியானது என்பது இரண்டாவது. எந்தப் பத்தியில் ஐயம் எழுந்தது, எந்த மென்பொருள் அப்படிச் சொன்னது, மனிதர் எவராவது அந்தக் கட்டுரையைப் படித்தாரா என்பவற்றுக்கெல்லாம் அதில் விடை இல்லை. மேல்முறையீடு செய்ய ஒரு முகவரிகூடத் தரப்படவில்லை.

அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு வரைவையும் நான் படித்திருக்கிறேன். இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதோடு, அவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவதும், அவர்கள் எழுதிவரும் தன்விளக்கக் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்வதும் பல ஆண்டுகளாக என் வேலையில் ஒரு பகுதி. நிராகரித்த பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஒரு மின்னஞ்சல்தான் என்னை எழுத வைத்தது என்றாலும், அதற்கு அடியில் இருக்கும் குறை உங்களில் பெரும்பாலோருக்குப் பொதுவானது. ஒரு கட்டுரையைக் கட்டாயமாகக் கேட்கிறீர்கள். அதில் எதைத் தேடுகிறீர்கள், யார் படிப்பார், எப்படி மதிப்பிடுவார் என்பதை மட்டும் சொல்ல மறுக்கிறீர்கள். சொல்லாமலே தெரிந்துகொள்ளும் வாய்ப்புள்ளவர்கள் அதனால் பயனடைகிறார்கள். மற்றவர்கள் இருட்டில் எழுதுகிறார்கள்.

உங்கள் அறிவிப்புகளையே எடுத்துக்கொள்வோம். பாடப்பிரிவின் மீதுள்ள ஆர்வத்தையும் எதிர்காலக் குறிக்கோளையும் விளக்கும் கட்டுரை ஒன்றை இணைக்கவும் என்று ஒரு வரி. அதன் கீழே 500 சொற்கள், 1,000 சொற்கள், இரண்டு பக்கம் என்று ஏதோ ஓர் அளவு. பல துறைகளில் வழிகாட்டுதல் இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. ஓரிடத்தில் ஆய்வுத் திட்டத்தை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். இன்னோரிடத்தில் வாழ்க்கைப் பின்னணியை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். இரண்டிடத்திலும் விண்ணப்பப் படிவத்தின் அந்தக் கட்டத்துக்கு ஒரே பெயர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் போன்ற சில இடங்களில் கல்வி நோக்கத்தை ஒரு கட்டுரையிலும் சொந்த வாழ்க்கைப் பின்னணியை வேறொரு கட்டுரையிலும் தனித்தனியே கேட்கிறார்கள். அங்கே விண்ணப்பிக்கும் மாணவருக்கு எதை எங்கே எழுதுவது என்ற குழப்பமாவது இல்லை. மற்ற இடங்களில் ஒரே கட்டுரை இரண்டு வேலையையும் பார்க்க வேண்டும். எது எத்தனை பங்கு என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம்.

இப்படிக் கேட்பதால் என்ன எழுதப்படுகிறது என்பதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். சிறு வயது முதலே எனக்கு இந்தத் துறையில் தணியாத ஆர்வம் உண்டு என்ற வரியில்தான் முதல் வரைவுகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன. நீங்களும் அதைப் படித்துப் படித்துச் சலித்திருப்பீர்கள். அந்த வரியை வரவழைப்பது உங்கள் அறிவிப்புதான். ஆர்வத்தை விளக்கு என்று கேட்டால், ஆர்வத்துக்குச் சாட்சி தேடி இருபத்தொரு வயதுக்காரர் குழந்தைப் பருவத்துக்குத்தான் போவார். அடுத்த பத்தியில் பல்கலைக்கழகத்தின் உலகப் புகழ் வரும். அதற்கடுத்து, இணையதளத்திலிருந்து எடுத்த மூன்று பேராசிரியர்களின் பெயர்கள் வரும். கடைசியில் சமூகத்துக்குத் தொண்டாற்றும் உறுதிமொழி. இவற்றுக்கு நடுவே, அந்த மாணவர் உண்மையில் செய்த வேலை ஒற்றை வரியில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

நான் குறிப்பிட்ட மாணவியின் முதல் வரைவும் அப்படித்தான் இருந்தது. பல்வேறு ஆய்வகக் கருவிகளைக் கையாளும் திறன் பெற்றேன் என்று ஒரு வரி எழுதியிருந்தார். எந்தக் கருவி, என்ன செய்தீர்கள் என்று கேட்டபோதுதான் கதை வந்தது. இளநிலைத் திட்டப்பணிக்காகக் கிணற்று நீரில் நைட்ரேட் எவ்வளவு இருக்கிறது என்று, மாதிரியின் வழியே ஒளியைச் செலுத்தி அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளந்துகொண்டிருந்திருக்கிறார். காலையில் முதலில் அளக்கும் சில மாதிரிகளுக்கு மட்டும் அளவு கூடுதலாக வந்திருக்கிறது. மாதிரிகளின் வரிசையைத் தலைகீழாக்கிப் பார்த்திருக்கிறார். அப்போதும் முதலில் வைத்தவையே கூடுதலாக வந்தன, அவை எந்தக் கிணற்று நீராக இருந்தாலும் சரி. பிறகு மாதிரியை விட்டுவிட்டு, காய்ச்சி வடித்த நீரை மட்டும் வைத்து, கருவியைப் போட்டது முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்திருக்கிறார். கருவியின் விளக்கு சூடேறி நிலைப்படும் வரை அடிப்படை அளவு நகர்ந்துகொண்டே இருந்தது தெரிந்தது. அதுவரை எடுத்த அளவீடுகளில் எவை செல்லும், எவை செல்லாது என்று குறிப்பேட்டில் நேரம் பார்த்துப் பிரித்து, செல்லாதவற்றுக்குப் புதிதாக மாதிரி எடுத்துவந்து அளந்திருக்கிறார்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன். "அளவீடு தப்பாக வந்தது என்று எழுதினால் அதை என்னுடைய குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா, மேடம்?" என்றார்.

அவருடைய அச்சத்தில் தவறில்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தரவில் ஏதோ சரியில்லை என்று மோப்பம் பிடித்து, காரணத்தைத் தனியே பிரித்து, தன் உழைப்பில் ஒரு பகுதியைத் தானே தள்ளிவைக்கத் துணிந்த மாணவரைத்தான் எந்த ஆய்வு வழிகாட்டியும் தேடுகிறார். ஆனால் அப்படித் தேடுகிறோம் என்று உங்கள் அறிவிப்பில் எங்கும் இல்லை. ஆர்வம், குறிக்கோள், சாதனை ஆகிய மூன்று சொற்களைப் படித்துவிட்டு உட்கார்ந்து எழுதுபவர், பழுதான அளவீட்டைப் பற்றி எழுதத் துணிவாரா? அந்தத் துணிச்சல், ஆய்வுலகில் இருக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் வருகிறது. அம்மாவோ மாமாவோ பேராசிரியராக இருக்கும் மாணவருக்கு அது சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே கிடைத்துவிடும். குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவருக்கு எங்கிருந்து கிடைக்கும்?

என் பேச்சைக் கேட்டு அவர் அந்த நிகழ்ச்சியைக் கட்டுரையின் நடுவில் வைத்து எழுதினார். குறுகிய வாக்கியங்கள், பாடப்புத்தகச் சொற்கள், அலங்காரம் எதுவும் இல்லாத ஆங்கிலம். பள்ளியிலும் கல்லூரியிலும் கற்றுக்கொண்ட மொழியில் தப்பில்லாமல் எழுத வேண்டும் என்று கவனமாக இருக்கும் எவரும் எழுதும் ஆங்கிலம். உங்கள் மென்பொருள் இயந்திரத்தின் எழுத்து என்று முத்திரை குத்தியது அந்தக் கட்டுரையைத்தான்.

இது தற்செயலான பிழை என்று நான் நம்பவில்லை. இத்தகைய கருவிகள் பலவும், ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்பதை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதை வைத்தே தீர்ப்புச் சொல்கின்றன. குறைந்த சொல்வளத்தில், நேரான தொடர்களில் எழுதுபவரின் எழுத்து இயல்பாகவே எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று கருவிகள் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளை அதே கருவிகள் ஏறக்குறையச் சரியாகவே இனம்கண்டன. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: டோஃபல் கட்டுரைகளின் சொற்களைச் சாட்ஜிபிடியைக் கொண்டு மெருகேற்றித் திரும்பக் கொடுத்தபோது, தவறான குற்றச்சாட்டுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆக, தானே எழுதிய மாணவி மாட்டிக்கொள்கிறார். இயந்திரத்தைக் கொண்டு மெருகேற்றியவர் தப்பிவிடுகிறார். சேர்க்கைக் குழு ஒன்று இந்தக் கருவியின் வாக்கை வேதவாக்காகக் கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கருவிகளை உருவாக்கியவர்களே இதைவிட அடக்கமாக இருக்கிறார்கள். சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியைக் கொண்டுவந்து, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறர் எழுத்தை நகலெடுத்ததைக் கண்டுபிடிக்கப் பயன்படும் டர்னிட்டின் என்ற மென்பொருளில் இருந்த இதே வசதியை அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. தவறான குற்றச்சாட்டு 1 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டாலும், முந்தைய ஆண்டில் தாங்கள் அந்த மென்பொருளுக்கு அனுப்பிய 75,000 தாள்களில் ஏறக்குறைய 750 தாள்கள் மீது வீண்பழி விழுந்திருக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வகுப்புத் தாளிலாவது மாணவர் ஆசிரியர் முன் நின்று விளக்கம் சொல்லலாம். விண்ணப்பதாரருக்கு அந்த வழியும் இல்லை.

உங்கள் கவலையை நான் உதறித்தள்ளவில்லை. ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகள் குவிகின்றன என்று உங்களில் சிலரே என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஆனால் ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகள் சாட்ஜிபிடிக்கு முன்பும் வந்தன. வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் கன்சல்டன்சிகள் ஒரு கட்டுரையை வைத்துக்கொண்டு பெயரையும் பாடப்பிரிவையும் மாற்றி விற்றுவந்ததை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்த ஒரு வரைவின் கடைசிப் பத்தியில் வேறொரு மாணவரின் பெயர் அப்படியே கிடந்தது. கேள்வி பொதுப்படையாக இருக்கும் வரை, பொதுப்படையான பதிலை விலைக்கு விற்கவும் முடியும், இயந்திரத்தை விட்டு எழுதவும் முடியும்.

இவ்வளவு பாடுபட்டு எழுதவைக்கும் இந்தக் கட்டுரை உங்களுக்கு என்னதான் சொல்கிறது என்ற கேள்வியும் இருக்கிறது. தன்விளக்கக் கட்டுரைகளுக்கும் பிற்காலத் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மேலாய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும் ஏற்கெனவே சொல்வதற்கு மேல் இந்தக் கட்டுரைகள் கூடுதலாகச் சொல்வது மிகச் சொற்பம் என்பது அதன் முடிவு. இங்கிலாந்தில், கல்வி வாய்ப்பில் உள்ள ஏற்றத்தாழ்வுகளை ஆராயும் சட்டன் அறக்கட்டளைக்காக மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஜோன்ஸ் 2012-இல் செய்த ஆய்வு இளநிலை விண்ணப்பங்களைப் பற்றியது என்றாலும், உங்களுக்கும் பொருந்தும். ஒரே மதிப்பெண் பெற்ற மாணவர்களின் கட்டுரைகளை ஒப்பிட்டபோது, தனியார் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் பிழை குறைவாகவும் பெருமைக்குரிய பணி அனுபவம் மிகுதியாகவும் இருந்தன. மதிப்பெண்ணில் இல்லாத இடைவெளி கட்டுரையில் வந்து நிற்கிறது. 2016-இல் வெளியான தொடர் ஆய்வில், பள்ளி ஆசிரியர்கள் நல்ல கட்டுரை என்று கருதியதும் பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் நல்ல கட்டுரை என்று கருதியதும் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. நானும் ஊகத்தில்தான் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்லாத அளவுகோலை நான் எங்கே போய்ப் படிப்பது?

வாழ்க்கைப் பின்னணி பற்றிய கேள்வியையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடந்துவந்த தடைகளை விவரிக்கவும் என்று கேட்கும்போது, அதற்கு எதை ஈடாகக் கொடுக்கப்போகிறீர்கள் என்று சொல்வதில்லை. வீட்டில் நேர்ந்த சாவையும் கடனையும் முன்பின் தெரியாதவர் முன் எழுதிவைக்க எத்தனையோ மாணவர்கள் கூசுகிறார்கள். எழுதாவிட்டால் இடம் போய்விடுமோ என்று எழுதுகிறார்கள். எழுதியபின், பரிதாபத்துக்காக எழுதியதாக நினைத்துவிடுவார்களோ என்று அழிக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலில் ஓர் அரையாண்டு ஏன் சரிந்திருக்கிறது என்பதற்கு விளக்கம் வேண்டுமென்றால் அதை நேராகக் கேட்கலாம். அதற்கு நான்கு வரி போதும். துயரத்தை அழகாகச் சொல்லத் தெரிந்தவருக்கு முன்னுரிமை தருவது உங்கள் நோக்கமாக இருக்க முடியாது என்றே நம்ப விரும்புகிறேன்.

அளவுகோலை வெளியிட்டால் எல்லாரும் அதற்கேற்ப எழுதிவிடுவார்கள் என்று உங்களில் ஒருவர் என்னிடம் பதில் சொன்னார். எழுதட்டுமே! நீங்கள் தரவுகளைக் கையாண்ட அனுபவத்தைத் தேடுகிறீர்கள் என்று தெரிந்தால், கையாண்டவர் அதை எழுதுவார். கையாளாதவர் எவ்வளவு முயன்றாலும் விளக்கு சூடேறும் வரை உட்கார்ந்து அளவெடுத்த கதையை எழுத மாட்டார். அப்படியே கற்பனை செய்து எழுதினாலும், பத்து நிமிட நேர்காணலில் இரண்டு கேள்வி கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் கோரும்போது எந்த அடிப்படையில் மதிப்பிடுவோம் என்று முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லிக் கேட்பவர்கள் நீங்களே. உங்களுக்கு நியாயமாகப்படும் அந்த முறை மாணவருக்கு மட்டும் ஏன் ஆகாது?

முன்மாதிரிக்கும் பஞ்சமில்லை. பிரிட்டனின் இளநிலைச் சேர்க்கை அமைப்பான யூகாஸ், நீண்டகாலமாகக் கேட்டுவந்த ஒரே கட்டுரையைக் கைவிட்டு, 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டது. இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள், இதுவரை படித்தது அதற்கு உங்களை எப்படித் தயார் செய்திருக்கிறது, கல்விக்கு வெளியே என்ன செய்திருக்கிறீர்கள், அது எப்படிப் பயன்படும் என்பவையே அவை. மொத்த அளவு முன்போலவே இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துகள்தான். பதினெட்டு வயதுக்காரருக்குச் செய்துகொடுக்க முடிந்த இந்தத் தெளிவை முதுநிலைக்கு வருபவருக்கு மறுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. எம்.ஐ.டி.யின் மின்பொறியியல், கணினி அறிவியல் துறையில், அங்கே படிக்கும் ஆய்வு மாணவர்களே முன்வந்து, வழிகாட்ட ஆளில்லாத விண்ணப்பதாரர்களுக்கு உதவும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறார்கள். மாணவர்கள் தம் சொந்த நேரத்தில் செய்வதைத் துறைகள் பொறுப்பெடுத்துச் செய்யலாம்.

எனவே உங்களிடம் நான் கேட்பவை இவை. அடுத்த சுற்றுக்கான விண்ணப்பம் திறக்கும் முன், தன்விளக்கக் கட்டுரையை எந்தெந்த அடிப்படையில் மதிப்பிடுகிறீர்கள், மொத்தத் தேர்வில் அதற்கு எவ்வளவு பங்கு, எத்தனை பேர் படிப்பார்கள் என்பதைத் துறையின் பக்கத்தில் வெளியிடுங்கள். பொதுப்படையான ஒரே கேள்விக்குப் பதிலாக, நீங்கள் உண்மையில் அறிய விரும்புவதைத் தனித்தனிக் கேள்விகளாகக் கேளுங்கள். அவற்றில் ஒன்றாவது, மாணவர் செய்த ஒரு வேலையில் எது சரியாக வரவில்லை, அதற்கு என்ன செய்தார் என்பதாக இருக்கட்டும். வாழ்க்கைப் பின்னணி பற்றிய பகுதியைக் கட்டாயத்திலிருந்து நீக்கி, அதை எழுதாதவருக்கு இழப்பில்லை என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். ஏற்கெனவே இடம் பெற்றவர்களின் ஒப்புதலோடு, பெயர் நீக்கிய சில கட்டுரைகளை உங்கள் குறிப்புரையுடன் எல்லாரும் படிக்கும்படி வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பொறுத்தவரை, எந்த அளவு உதவி அனுமதிக்கப்படும், எது கூடாது என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே தெளிவாக எழுதுங்கள். இலக்கணம் திருத்துவதும் கூடாதா, முழுப் பத்தியை எழுதவைப்பது மட்டும்தான் கூடாதா என்பது இப்போது எவருக்கும் தெரியாது. கண்டறியும் மென்பொருளின் முடிவை மட்டும் வைத்து ஒரு விண்ணப்பத்தையும் தள்ளாதீர்கள். ஐயம் எழுந்தால் மாணவருக்குத் தெரிவித்து, பழைய வரைவுகளைக் காட்டவும் காணொளி அழைப்பில் சில நிமிடம் பேசவும் வாய்ப்புக் கொடுத்துவிட்டு முடிவெடுங்கள். அந்த முடிவை எதிர்த்து முறையிட ஒரு வழியும் முகவரியும் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும்.

என் மாணவியின் விண்ணப்பத்தை நிராகரித்த குழுவிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். தேதியிட்ட வரைவுகள், நான் ஓரத்தில் எழுதிய குறிப்புகள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு குறித்த ஆய்வகக் குறிப்பேட்டின் பக்கங்கள் ஆகியவற்றை அவர் சேர்க்கை அலுவலகத்துக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டார். அவற்றைப் பார்த்து, அவர் கட்டுரையை மனிதர் ஒருவர் முழுமையாகப் படித்து, விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்து, முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்த சுற்றுக்கான கடைசித் தேதிக்கு முன்பாகவே அந்தப் பதில் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதும் ஓர் ஆசிரியை